ஆர் சொன்ன காக்காவின் கொப்பியில் என் பெயர்

கல்முனை பஸ் நிலையத்திலிருந்து ஒலுவில் துறைமுகம் வரைக்கும் இருக்கிற கரையில் யாராவது ஒரு நல்ல பகிடியைச் சொல்லி, அது 'ஆர் சொன்ன' காக்காவின் கொப்பியில் ஏறவில்லை என்றால், அந்தப் பகிடி சொல்லப்படவே இல்லை என்றுதான் அர்த்தம். காணிக்கு உறுதி இருக்கிற மாதிரி எங்கள் பக்கத்துப் பகிடிகளுக்கு அவரிடம் உறுதி இருந்தது. யாருடைய வாயிலிருந்து வந்தது, எந்த இடத்தில், எந்த நாளில், யார் எதைக் கேட்டதற்குப் பதிலாக வந்தது, பக்கத்தில் நின்றவர்கள் யார், அதில் சிரித்தவர்கள் எத்தனை பேர் என்று எல்லாம் நீல மையில் எழுதியிருக்கும். எண்பது பக்கக் கொப்பிகள், மொத்தம் பத்தொன்பது. அவருடைய வீட்டு அலுமாரியில் மனைவியின் சாரிகளுக்கு இரண்டு தட்டு, பகிடிகளுக்கு மூன்று தட்டு.

அவருக்கு வாப்பா வைத்த பெயர் வாக்காளர் இடாப்பில் மட்டும் இருந்தது. யார் எதைச் சொல்லிச் சிரித்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வியே ஊருக்குள் அவருடைய பெயராகிவிட்டது. 'காக்கா' என்பது அண்ணனுக்கு நாங்கள் சொல்கிற மரியாதை.

"காக்கா, சோக்கான கதை ஒண்டு கேட்டன்."

"ஆர் சொன்ன?"

"ஆரோ சொன்னாங்க காக்கா."

"ஆரோக்கு வாப்பா, உம்மா இல்லையா? போய்க் கேட்டுட்டு வா."

வட்ஸ்அப்பில் வருகிற துணுக்குகளை அவர் கையாலும் தொடமாட்டார். ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் தன் போனை நீட்டினார். வெளிநாட்டு அறிஞர் ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டு நிற்கிற படம், பக்கத்தில் கலியாணத்தைப் பற்றி ஒரு கேலி வாசகம். காக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "ஆர் சொன்ன?"

"இந்தா, படமே போட்டிரிக்கே காக்கா."

"படம் போட்டா அவர் சொன்னதா? ஒன்ட படத்தப் போட்டு, நீ ஒழுங்கா வேலைக்கிப் போறாய் எண்டு எழுதினா ஊர் நம்புமா? அந்த மனுசன்ட ஊருக்குப் போய்க் கேக்க எனக்குப் பாஸ்போட் இல்ல. உடு."

மேற்கே வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிற ஒரு அரிசி மில்லில் அவருக்கு நெல் பார்க்கிற வேலை. லொறியில் நெல் வந்தால் மூட்டைக்குள் கையை விட்டு நாலு மணியை எடுத்துப் பல்லில் வைத்து ஒரு கடி. "காயல்ல. இன்னும் ரெண்டு வெயில் வேணும்" என்று சொன்னால் லொறி திரும்பிப் போகவேண்டியதுதான். ஈரம் பார்க்கிற மெசின் வந்த பிறகும், மெசின் சொல்வது சரியா என்று முதலாளி காக்காவிடம்தான் கேட்டார். பகிடிகளையும் அவர் அப்படித்தான், அரிசிப் பெயர் வைத்துத் தரம் பிரித்தார். ஆக உயர்ந்தது கீரிச்சம்பா. அடுத்தது சம்பா. ருசி பெரிதாக இல்லை, வயிறு நிறையும் என்றால் நாடு. மிச்சமெல்லாம் பதர்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்தப் பத்தியை வாராவாரம் வாசித்துச் சிரிப்பதாகச் சொல்லிக்கொள்கிற அன்பர்களே, உங்களை நம்பித்தான் நான் ஊருக்குள் 'நகைச்சுவை எழுத்தாளர்' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஆனால் காக்காவின் பத்தொன்பது கொப்பிகளில் என் பெயரில் ஒரு வரிகூட இல்லை. மீன் விற்கிறவர், மேசன், பஸ் கொண்டக்டர், ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு கொடுக்கிறவர் எல்லோருக்கும் இடம் இருந்தது. என் மனைவிக்கு ஏழு இருந்தது. என் மாமிக்குப் பதினொன்று.

மாமியுடைய பதினொன்றில் ஒன்று எங்கள் கரை முழுக்கப் பிரசித்தம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெண்ணைப் பெற்றவர்களின் தலைவிதி. நான் ஒருநாள் எழுத்தாளர் கூட்டம் முடிந்து வந்து, கதவைத் திறக்கச் சொல்லிக் கேற்றில் நின்று சத்தமிட்டேன். மாமி எழும்பி வந்தார். பக்கத்து வளவில் நின்ற பெண்கள் கேட்கும்படியாகச் சொன்னார்: "வீட்டயும் குடுத்து, மகளயும் குடுத்து, மறுகா கதவத் தொறக்கவும் நாமதான் ஒழும்பணும்." அடுத்த வெள்ளிக்கிழமை காக்கா எங்கள் வீட்டு வாசலில் கொப்பியோடு நின்றார். மாமி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார். நானே அவருக்குக் கதிரை எடுத்துப் போட்டேன்.

மனைவியின் ஏழில் மோசமானதும் என்னைப் பற்றியதுதான். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள், "ஒங்கட மனுசன் என்னகா செய்ற?" என்று.

"எழுதுறாரு."

"மத்த நேரத்துல?"

"எழுதப் போறன் எண்டு சொல்லிக்கிட்டு இரிப்பாரு."

கீரிச்சம்பா. சிரித்தவர்கள் நாலு பேர். சொந்தக்காரன் கணக்கில் சேராவிட்டாலும் ஐந்தாவதாக என் பெயரையும் எழுதட்டுமா என்று காக்கா கேட்டார். வேண்டாம் என்றேன்.

கொப்பியில் ஏறுவதற்கு விதிகள் இருந்தன. பகிடி வாயால் வந்திருக்கவேண்டும். எழுதி வைத்துப் படித்தது சேராது. யாருக்காவது பதிலாக, தற்செயலாக வந்திருக்கவேண்டும். சொன்னவருடைய சொந்தக்காரரை நீக்கிவிட்டு மூன்று பேராவது சிரித்திருக்கவேண்டும். கடைசியாக, காக்கா நேரில் போய், "நீங்கதானே சொன்ன?" என்று கேட்டு, சொன்னவர் ஓம் என்று சொல்லவேண்டும்.

சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் விற்கிற ஒருவர் சொன்னது ஒன்று இருக்கிறது. ஒரு ஹாஜியார் இரண்டு நாளாக வந்து ஒரு பெரிய பாரை மீனின் விலையைக் கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது செத்து ரெண்டு நாளாகியிருக்குமே" என்று முகத்தைச் சுளித்தார். மீன்காரர் சொன்னார்: "நீங்க விலை கேக்க வந்து ரெண்டு நாளாச்சி ஹாஜியார். அதுவரைக்கும் அது உசிரோட காத்திருக்கணுமா?" இதை உறுதிப்படுத்தக் காக்கா மீன்காரரிடம் மட்டும் போகவில்லை. ஹாஜியாரிடமும் போய், "ஒங்களுக்குத்தானே சொன்ன?" என்று கேட்டார். ஹாஜியார் அதன்பிறகு காக்காவுடன் கதைப்பதில்லை.

பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலம் அவருக்குப் பெருநாள் மாதிரி. மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, தன் சைக்கிளில் வரிசை வரிசையாகப் போனார். பெற்றோலே தேவைப்படாத ஒரே ஆள் எல்லா வரிசையிலும் நின்றார். அங்கே ஒரு ஓட்டோக்காரர் சொன்னது: "மூணு நாளா ஒரே இடம். முன்னுக்கு நிக்கிறவர்ர மகனுக்கும் என்ட மகளுக்கும் பேசி முடிச்சாச்சி. பெற்றோல் வாறதுக்குள்ள பேரப்புள்ள வந்திரும் போல." வரிசையே சிரித்ததால் எண்ணிக்கை எடுப்பது கஷ்டமாகிவிட்டது. காக்கா ஒவ்வொரு வாகனமாகப் போய்க் கையை உயர்த்தச் சொன்னார். பெற்றோல் கொடுக்கப் பதிவெடுக்கிறார்கள் என்று நினைத்து, சிரிக்காதவர்களும் கையை உயர்த்திவிட்டார்கள்.

கலியாணச் சாப்பாட்டில் ஒரே பெரிய தட்டான சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஒரு கலியாணத்தில் நானும் காக்காவும் ஒரே சஹனில் உட்கார்ந்தோம். எதிரே இருந்த மனிதர் சோற்றுக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டுச் சொன்னார்: "இறைச்சியத் தேடிக் கையப் போட்டன். என்ட மச்சான்ட கைதான் ஆப்பிட்டிச்சி." மற்றவர்கள் சிரித்தார்கள். காக்கா சிரிக்கவில்லை. வலது கை நெய்ச்சோற்றில் இருந்ததால் இடது கையால் சட்டைப் பையிலிருந்து கொப்பியை இழுத்தார். "ஒங்கட முழுப்பேர் என்ன? எந்த ஊர்? இவர் சொந்த மச்சானா, கூப்பிடுற மச்சானா? சொந்தமெண்டா இவர்ர சிரிப்பச் சேர்க்க ஏலா." மனிதர் மென்றுகொண்டே பதில் சொன்னார். காக்கா எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தியபோது சஹனில் கறிவேப்பிலையும் ஏலக்காயும் மட்டும் இருந்தன. நான் அந்த நேரத்தில் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். நன்றாகச் சாப்பிட்டேன்.

எப்படியாவது அந்தக் கொப்பியில் ஏறிவிடவேண்டும் என்று நான் செய்யாத முயற்சி இல்லை. வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று தற்செயலாகப் பேசிப் பழகினேன். பிறகு தேத்தண்ணிக் கடைக்குப் போய், காக்கா காதில் விழுகிற தூரத்தில் உட்கார்ந்து, யாராவது பொருத்தமான கேள்வியைக் கேட்கமாட்டானா என்று காத்திருப்பேன். ஒருவனும் கேட்கமாட்டான். கடைசியில் நானே கேள்வியையும் கேட்டு நானே பதிலையும் சொல்லுவேன். கடைக்காரர் பரிதாபப்பட்டு இன்னொரு பிளேன்டீ தருவார்.

காக்கா ஒருதரம் மட்டும் தலையைத் திருப்பினார்.

"தம்பி, இது வாயால வந்த கதை இல்ல. மேசையில வந்த கதை."

"எப்படிக் காக்கா கண்டுபுடிக்கிறீங்க?"

"சொல்லி முடிச்சதும் நீ எங்கட முகத்தப் பாக்கிறாய். நல்ல பகிடி சொல்றவன் தேத்தண்ணியத்தான் பாப்பான்."

காக்காவுக்கு நெருக்கமானால் சலுகை கிடைக்கும் என்று நினைத்து, அவரை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திரியத் தொடங்கினேன். ஒலுவிலில் ஒரு படகுக்காரர் சொன்னதாக மீன் லொறிச் சாரதி ஒருவர் ஒரு கதை கொண்டுவந்தார். கரையைக் கடல் அரித்து வீட்டு வேலிக்குக் கிட்ட வந்துவிட்டதாம். யாரோ அனுதாபப்பட்டுக் கேட்டதற்கு அவர் சொன்னாராம்: "முந்தி நாங்க கடலுக்குப் போன. இப்ப கடலே வீட்ட தேடி வருகுது. எங்களுக்கு டீசல் மிச்சம்." கடலை வைத்துப் பகிடி விட எங்கள் கரையில் எல்லோருக்கும் வாய் வராது. காக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நேர்ல கேக்கணும்" என்றார்.

மத்தியான லுஹர் தொழுதுவிட்டுத் துறைமுகத்துக்குப் போனோம். படகு கடலில். வெயிலில் காத்திருந்தோம். பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் மனிதர் வந்து இறங்கினார். கரையில் கண்ணாடி போட்ட ஒருவர் கொப்பியும் பேனையுமாக நிற்கிறார், பக்கத்தில் என்னைப் போல ஒரு தொந்திக்காரன் ஹெல்மெட்டோடு நிற்கிறான். காக்கா தொண்டையைச் செருமினார். "டீசல் மிச்சம் எண்டு நீங்கதானே சொன்ன?"

படகுக்காரரின் முகம் வெளிறிவிட்டது. "அல்லாஹ்வே, நான் ஒண்டும் சொல்லல்ல சேர்! என்ட போட்டுக்கு எல்லாக் கடதாசியும் சரியா இரிக்கி!"

எவ்வளவு விளங்கப்படுத்தியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எங்களுக்கு ஒரு பை நிறைய மீனையும் தந்து அனுப்பப் பார்த்தார். காக்கா மீனை வாங்கவில்லை. கொப்பியில் இப்படி எழுதினார்: 'கீரிச்சம்பா. சொன்னவர் மறுக்கிறார்.'

அந்தக் கொப்பிக்கு ஊரில் இருந்த மரியாதையையும் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவர் வீட்டு விறாந்தையில் ஆட்கள் கூடி, வாப்பா சொன்னது, பெரியப்பா சொன்னது என்று கேட்டு வாசிப்பார்கள். ஒருமுறை ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் தேத்தண்ணிக் கடைக்காரருடைய பகிடியைத் தன்னுடையது என்று பதிய வைத்துவிட்டார். விசயம் தெரிந்ததும் காக்கா அதை அழிக்கவில்லை. சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, 'பொய்' என்று எழுதி வைத்தார். அழித்தால் இன்னொருவன் அதே பொய்யோடு வருவானாம். அதற்குப் பிறகு அதிபர் எந்தக் கடைக்குப் போனாலும் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "சேர், இது ஆர் சொன்ன?" பாவம், அவர் வீட்டிலேயே தேத்தண்ணி குடிக்கப் பழகிக்கொண்டார்.

போன வருசம் காக்காவுக்குக் கண்ணில் புரை. ஒப்பரேசன் செய்த டொக்டர், ஒரு மாதத்துக்கு வாசிக்கவும் எழுதவும் கூடாது, மில் தூசிப் பக்கமும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடியோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீ எழுதுறவன். ஒரு மாசத்துக்கு என்ட கைக்குப் பதிலா ஒன்ட கை."

புதிதாகத் தொடங்கிய இருபதாவது கொப்பியை என் கையில் தந்தார். பெரிய விருது கிடைத்ததுபோல வாங்கினேன்.

அந்த மாதம் நான் எழுதியதையெல்லாம் அன்றைக்கன்றே வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஒரு பஸ் கொண்டக்டர், இடமிருக்கா என்று கேட்ட பெண்ணிடம், "ஏறுங்க ராத்தா, இடம் வராட்டியும் ஊர் வரும்" என்று சொன்னதை நான் கொஞ்சம் மெருகேற்றி, 'இருக்கை வராவிட்டாலும் இலக்கு வந்துசேரும்' என்று எழுதியிருந்தேன். வாசித்து முடித்ததும் காக்கா கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"பவுடர் பூசியிரிக்காய். கழுவு."

கழுவினேன். இருபத்தைந்து வருசமாக எழுதுகிற எனக்கு எழுதுவது என்றால் என்ன என்று அந்த ஒரு மாதத்தில்தான் கொஞ்சம் விளங்கியது. விளங்கிய ஆள் செய்கிற வேலையையா நான் அடுத்ததாகச் செய்தேன்?

மாதக் கடைசியில் நாற்பத்திரண்டு பகிடிகள் ஏறியிருந்தன. அதில் இன்னும் இரண்டு என் மாமியுடையவை. என் கையாலேயே எழுதினேன். மறுநாள் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொப்பியும் பேனையும் என் மேசையில். வீட்டில் யாருமில்லை. பேனையை எடுத்தேன். நாற்பத்து மூன்று: 'கரண்ட் போனாத்தான் நம்மட ஊர்ல பக்கத்து வீட்டுக்காரன்ட முகம் தெரியுது.' சொன்னவர், அடியேன். இடம், ரசாக்கின் சலூன். நாள், காக்கா கிளினிக் போயிருந்த செவ்வாய்க்கிழமை. சிரித்தவர்கள், ரசாக்கும் பெயர் தெரியாத இரண்டு பேரும். தரம் எழுதுகிற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டேன். அந்தளவுக்கு அல்லாஹ்வுக்குப் பயந்த ஈமான் மிச்சமிருந்தது.

நேரே சலூனுக்கு ஓடினேன். ரசாக் எனக்கு இருபது வருசமாகத் தலைமயிர் வெட்டுகிறவன், நல்ல கூட்டாளி. விசயத்தைச் சொன்னேன். "காக்கா வந்து கேட்டா ஓம் எண்டு மட்டும் சொல்லு மச்சான். வேற ஒண்டும் வேணாம்."

"ஓம் எண்டு மட்டுமா? ஒனக்காக அது கூடச் செய்யமாட்டனா? நீ போ, நான் பாத்துக்கொள்றன்."

அந்த 'பாத்துக்கொள்றன்' என்ற சொல்லைக் கேட்ட உடனேயே நான் கொப்பியைத் திருடிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியிருக்கவேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து நான் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுகிறேன், கேற்றில் சைக்கிள் மணி. புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு காக்கா. ஸலாம் சொன்னார், உட்கார்ந்தார், கொப்பியை மடியில் வைத்தார்.

"ரசாக்கிட்டப் போனன்."

"ஓம் காக்கா."

"ஒன்ட கதையக் கேட்டு அவன் கத்திரிக்கோலக் கீழ போட்டுட்டானாம். செவரப் புடிச்சிக்கிட்டு நிண்டு சிரிச்சானாம். கண்ணால தண்ணி வந்திச்சாம். கதிரையில இருந்த ஆள் பாதி வெட்டின தலையோட எழும்பி வந்து ஒனக்குக் கை தந்தாராம்."

நான் கழற்றிய சட்டையை மடிக்கத் தொடங்கினேன்.

"இருவது வருசமா அவன்ட கடைக்கிப் போறாய். நீ சொன்ன எதுக்காவது அவன் பல்லக் காட்டியிரிக்கானா?"

"இல்ல காக்கா."

"அப்ப?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாற்பத்தொன்பது வயதில், மாமி அடுத்த அறையில் இருக்கத்தக்கதாக, எனக்கு அழுகை வந்துவிட்டது. "சிரிப்பு எழுதுறவன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறன் காக்கா. ஒங்கட கொப்பியில ஒண்டுமில்லாம மௌத்தாகிப் போறதா?" என்று கேட்டேன். சொல்லும்போதே, சாகிறவனுக்கு அது எவ்வளவு கேவலமான கவலை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கவலை உண்மையானது.

காக்கா கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். சட்டைப் பையில் சிவப்புப் பேனை தெரிந்தது. என் பெயருக்கு மேல் கோடு விழப்போகிறது, பக்கத்தில் 'பொய்' என்று வரப்போகிறது, வெள்ளிக்கிழமை விறாந்தையில் ஊரே அதை வாசிக்கப்போகிறது. அதிபரைப் போல நானும் வீட்டில் தேத்தண்ணி குடிக்கவேண்டியதுதான். எங்கள் வீட்டில் தேத்தண்ணியோடு மாமியுடைய வாயும் வரும்.

சிவப்புப் பேனையை அவர் எடுக்கவில்லை. கொப்பியை மூடிவிட்டு எழும்பினார்.

"சட்டையப் போடு. வா."

சைக்கிளை என் வளவில் விட்டுவிட்டு, என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினார். எங்கே என்று கேட்டேன். "ரசாக்கிட்ட" என்றார்.

ஜும்ஆவுக்காகப் பூட்டியிருந்த சலூனை ரசாக் அப்போதுதான் திறந்திருந்தான். கதிரையில் ஒருவர் முகம் நிறைய சவர்க்கார நுரையோடு சாய்ந்திருந்தார். சுவரோர வாங்கில் உட்கார்ந்து ஒரு மேசன் தன் முறைக்காகக் காத்திருந்தார். எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கண்டதும் ரசாக் சவரக்கத்தியை அவருடைய கழுத்தில் வைத்தபடியே எங்கள் பக்கம் திரும்பினான். நுரைக்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

காக்கா என்னை நடுவில் நிறுத்தினார்.

"சொல்லு."

"என்னத்தக் காக்கா?"

"எழுதினத. வாயால சொல்லு. சொன்னா உண்மயாகும். திகதிய நான் மாத்திக்கொள்றன்."

அப்போதுதான் விளங்கியது. கொப்பியில் என் பெயரின் மேல் கோடு போடவும் அவருக்கு மனமில்லை, கொப்பியில் பொய் கிடக்கவும் விடமுடியாது. அதனால் பொய்யை உண்மையாக்குவதற்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சொன்னேன். கரண்ட் போனால்தான் நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரனின் முகம் தெரிகிறது என்று, இழவு வீட்டில் செய்தி சொல்கிற குரலில் சொன்னேன்.

வாங்கில் இருந்த மேசன் கொட்டாவி விட்டார்.

நுரைக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "உண்மதானே? இதுல சிரிக்க என்ன இரிக்கி?"

ரசாக்குக்கு அப்போதுதான் தன் கடமை ஞாபகம் வந்தது. திடீரென்று கத்தியை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ்வே, ஏலாது, ஏலாது" என்று சிரிக்கத் தொடங்கினான். கடைசிவரைக்கும் சுவரை விடவில்லை.

"ஒண்டு" என்றார் காக்கா.

ரசாக் படுகிற பாட்டைப் பார்த்து வாங்கில் இருந்த மேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு."

"அவர் ரசாக்கப் பாத்தெலுவா சிரிக்கிறாரு" என்று நுரைக்குள்ளிருந்து ஆட்சேபணை வந்தது.

"எதப் பாத்துச் சிரிச்சாலும் சிரிப்பு சிரிப்புத்தான்" என்றார் காக்கா. சொந்த மச்சானின் சிரிப்பைக்கூடச் சேர்க்காத மனிதர் அவர்.

எல்லோரும் நுரைக்காரரைப் பார்த்தோம். அவர் அசையவில்லை. நீதியான மனிதர். ரசாக் அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து, "சும்மா ஒருக்காச் சிரிங்களன்" என்று கெஞ்சினான். "வந்தாத்தானே சிரிக்கிற" என்று அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சிரிப்புக் குறைகிறது. தெருவில் போகிற யாரையாவது இழுத்துக்கொண்டு வரலாமா என்று நான் வாசலைப் பார்த்தேன்.

அப்போது காக்கா சிரித்தார்.

முதலில் அது சிரிப்பென்றே எனக்குத் தெரியவில்லை. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பழைய மெசின் ஸ்டார்ட் ஆகாமல் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். தோள் இரண்டும் ஏறி இறங்கியது, வாய் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கோணிக்கொண்டது. புதுக் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. அப்படி ஒரு மோசமான சிரிப்பை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. சிரித்து முடித்து, கண்ணாடியைச் சரிசெய்து, "மூணு" என்றார். கொப்பியை எடுத்தார், திகதியை மாற்றினார், சிரித்தவர்களின் பெயரைத் திருத்தினார். தரம் எழுதுகிற இடத்தில் 'பதர்' என்று எழுதினார். நியாயமான தீர்ப்பு.

திரும்பி வரும்போது அவர் என் பின்னால் கொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கடற்கரை வீதிக்குத் திரும்புகிற இடத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் தலையைத் திருப்பி, "காக்கா, உண்மையாகவே ஒங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என் தோளை அழுத்தினார்.

"கேக்காத தம்பி. கேட்டா நான் உண்மயச் சொல்லணும்."

நான் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. எனக்காக அவ்வளவு பிரியமாக யாரும் ஒரு பொய் சொன்னதில்லை. அதை விசாரித்துக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.